குழாயின் கடைசி வீடு

முதலில் அறையைச் சூடாக்கும் அந்த ரேடியேட்டரைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மேலே ஜன்னல் திறந்திருக்கிறது, கீழே ரேடியேட்டர் ஐந்தில் நிற்கிறது. காவல் நிலையம்தானே, ஊர்ப் பணம்தானே என்று எல்லா இடத்திலும் இதே கதை. தெருவைச் சூடாக்கி யாருக்கு என்ன லாபம்? இதோ, மூன்றில் வைத்துவிட்டேன். இனிப் பேசலாம்.

உங்கள் கேள்வி எளிமையானது. தோர்கில் என்ற கிழவரின் வீட்டுக்கு வெந்நீர் ஏன் போகவில்லை, அதில் என் கை இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். சுற்றி வளைப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் நடுவிலிருந்து தொடங்கினால் என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை.

என் பெயர் எப்பே. பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் ஆராய்ச்சி. வெப்பம், மின்சாரம், காற்றிலிருக்கும் அழுக்கு, இவற்றின் எண்களை வாங்கிக் கணினியில் போட்டு, நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்வது என் வேலை. ஜோசியம் என்று என் மைத்துனன் கேலி செய்வான். ஜோசியருக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம்தான். சொன்னது தப்பினால் அவருக்குத் தூக்கம் வரும், எனக்கு வராது.

வெல்னேஸ் ஊரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் பக்கத்து ஊர்தான். வைக்கோல் எரிக்கும் கொதிகலன் ஒன்று, அதிலிருந்து தெருவுக்கடியில் ஓடும் குழாய், அந்தக் குழாயின் வெந்நீர் வீட்டு ரேடியேட்டர்களில் ஓடுவதால்தான் குளிர்காலம் முழுக்க ஊரே உயிர் பிழைத்துக் கிடக்கிறது. கூட்டுறவுச் சங்கம், ஊராரே முதலாளிகள். வருடத்துக்கு ஒருமுறை பொதுக்குழு கூடி, பன்றி வறுவலும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் கை தூக்குவார்கள். சங்கத் தலைவி குட்ரூன் முன்பு மாட்டுப்பண்ணை வைத்திருந்தவர். மாட்டை அதட்டிய குரலிலேயே மனிதர்களையும் அதட்டுவார், ஆனால் தங்கமான மனம்.

அந்தச் சங்கத்துக்கு நான் ஒரு மாடல் செய்து கொடுத்தேன். ஒவ்வொரு வீடும் நாளைக்கு எவ்வளவு சூடு இழுக்கும் என்று அது இன்றைக்கே சொல்லும். அந்த அளவுக்கு மட்டும் வைக்கோல் போட்டால் போதும், வீண் கிடையாது, புகை கிடையாது. வீட்டுக்கு வீடு கொதிகலன் கூடத்திலிருந்தே திறந்து மூடுகிற மாதிரி வால்வும் வைத்தோம். அதற்கும் பொதுக்குழு கை தூக்கியது. தோர்கிலும் தூக்கினார், நான் என் கண்ணால் பார்த்தேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

புள்ளியியல்காரனுக்கு வெல்னேஸ் மாதிரி ஒரு ஊர் அமையக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு ஊரே சாப்பிட உட்காரும். வெள்ளிக்கிழமை ஊரே மிட்டாய் வாங்கும். குளிர்கால விடுமுறைக்கு ஊரே ஒரே வாரத்தில் கிளம்பி, ஒரே மலையில் சறுக்கி, ஒரே காலை உடைத்துக்கொண்டு திரும்பும். தான் மற்றவனைவிட ஒரு படி உசத்தி என்று எவனும் நினைக்கக் கூடாது என்பது நமக்கெல்லாம் தாய்ப்பாலோடு வருவதுதானே. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். வெல்னேஸில் அந்த ஒரு சோற்றைப் பார்த்தால் போதும், பானையைத் திறக்கவே வேண்டாம். இந்த ஊரை நான் காதலித்தேன் என்றே சொல்லலாம். என் மனைவி அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

தலைநகரில் ஒரு பசுமைப் பரிசு கொடுக்கிறார்கள். குளிர்காலம் முழுக்கக் கணிப்பின் பிழை ஒரு சதவீதத்துக்குக் கீழே நின்றால் பரிசு. எந்த ஊரும் அதுவரை தொட்டதில்லை. வெல்னேஸ்காரர்கள் ஆசையில் பரிசு வாங்கிய ஊர் என்று எழுதி, ஊர் எல்லையில் நடுவதற்கு ஒரு பலகையே செய்து, பேக்கரியின் பின்னறையில் சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டார்கள். என்னைத் தெருவில் பார்த்தால் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு கணக்குக்காரனைப் பார்த்து ஊரே சிரிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது.

ஒரு சதவீதத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே ஒரு வீடு நின்றது. அது தோர்கிலின் வீடு.

படகுத்துறைக்குப் பக்கத்தில், குழாய் முடிகிற இடத்தில் இருக்கிறது அது. இதில் ஒரு சங்கடம் உண்டு. குழாயின் கடைசி வீட்டுக்குச் சூடு போய்ச் சேர வேண்டுமானால் வழி நெடுகச் சூட்டை ஏற்ற வேண்டும். கடைசி வீட்டுக்காரர் ரேடியேட்டரைத் திருகினால் கொதிகலனே பெருமூச்சு விடும். அந்த வீட்டில் இருப்பவர் ஒழுங்கான மனிதராக இருந்துவிட்டால் பிரச்சினை இல்லை. தோர்கில் பயணப் படகில் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லாதவர், கடல்நாய்ச் சங்கத்தின் மூத்த கடல்நாய்.

இப்படிக் குளிர்காலத்தில் கடலில் குதிக்கிற கடல்நாய்க் கூட்டம் எல்லா ஊரிலும் இருக்கிறது. மற்ற ஊர்களில் அவர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குதிக்கிறார்கள், மாடலுக்குத் தோதாக. வெல்னேஸில் தோர்கில் ஜன்னலைத் திறந்து விசிலடிக்கும்போது குதிக்கிறார்கள். குதித்துவிட்டு, குளியல் அங்கியோடு அவருடைய சமையலறைக்குள் பத்துப் பேர் நுழைவார்கள். எல்லா ரேடியேட்டரும் ஐந்துக்குப் போகும். ஹெர்ரிங் மீனும் கறுப்பு ரொட்டியும் சாராயமும் வரும். நாற்றமும் ஆவியும் தாங்காமல் ஜன்னல்களைத் திறந்துவிடுவார்கள், ரேடியேட்டரைக் குறைக்காமலே. என் திரையில் அந்த நேரத்தில் கோடு துள்ளும். சோற்றில் கல் கடிபட்டது போல எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

அவரை எனக்கு முன்பே தெரியும். இதற்கு முந்தைய ஆராய்ச்சி காற்றைப் பற்றியது. பள்ளிக்கூடத்துக் கூரையில் வைத்த கருவியில் நுண்துகள் அதிகம் தெரிந்தது, எண்கள் என்னை நேராகத் தோர்கிலின் விறகடுப்புக்குக் கூட்டிப்போயின. பொதுக்குழுவில் படம் போட்டுக் காட்டினேன். குழந்தைகளின் நுரையீரல் என்றதும் ஊர் கை தூக்கியது. கிழவர் முரண்டு பிடிக்கவில்லை. "புள்ளைங்களுக்கு ஆகாதுன்னா எடுத்துக்கிட்டுப் போங்கப்பா, எனக்குத்தான் குழாய்ல வெந்நீர் வருதே" என்றார். அடுப்பைப் பெயர்த்து, புகைபோக்கியைச் சிமெண்டு பூசி அடைத்தோம். சங்கம் அவருக்கு ஒரு புட்டி ஒயின் கொடுத்தது. அந்த அடுப்பு இருந்திருந்தால் என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. நானும் நினைத்துப் பார்த்தேன். நடக்காத ஒன்றை வைத்துக் கணக்குப் போடுவது முறையல்ல.

முதலில் நான் நயமாகத்தான் போனேன். இலையுதிர் காலத்தில் ஒரு காலை அவர் வீட்டுக்குப் போனபோது கடல்நாய்கள் அப்போதுதான் கரையேறியிருந்தன. குட்ரூனும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சிவந்த முகத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"வாப்பா டாக்டரு, உக்காரு" என்றார் தோர்கில். "காப்பி குடிக்கிறியா? இல்ல, அதுக்கும் கணக்குப் போட்டுட்டு வந்து சொல்றியா?"

"ஒரே ஒரு உதவி, தோர்கில். நீங்க கடல்ல எறங்கறதுக்கு முந்தின நாள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

"முந்தின நாளா? எனக்கே அந்த நிமிஷம்தானேய்யா தெரியும்."

"எதை வெச்சு முடிவு பண்றீங்க?"

"காலையில எந்திரிப்பேன். கடலைப் பாப்பேன். போலாம்னு தோணுச்சுன்னா போவேன். தோணலைன்னா மறுபடியும் போர்வைக்குள்ள."

"அப்படித் தோணுறதுக்கு ஏதாவது காரணம் இருக்கணும்ல?"

"ஏம்ப்பா, ஒண்ணுக்கு வர்றதையும் முந்தின நாளே எழுதிக் குடுக்கணுமா?"

சமையலறையே அதிர்ந்தது. ஒருத்தருக்குச் சாராயம் மூக்கில் ஏறிவிட்டது. குட்ரூன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ தோர்கில், பாவம், விட்டுடுங்க அவரை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்தேன், காப்பியும் குடித்தேன். நல்ல காப்பி.

பிறகு அந்தக் "தோணுதலை" விளக்கிக் காட்ட நான் படாத பாடு இல்லை. காற்று, அலை, நிலா, அவருடைய முழங்கால் வலி, கால்பந்து முடிவு, மீன் கடையில் ஹெர்ரிங் வந்த நாள் எல்லாவற்றையும் மாடலுக்குள் போட்டேன். எதற்கும் அவர் மசியவில்லை. பல வருட அனுபவத்தில் சொல்கிறேன், காரணம் இல்லாமல் ஒரு மனிதன் ஒன்றைச் செய்ய முடியாது. செய்தால் அது திமிர்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி இருக்கிறது, எல்லாப் பாடப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. கூட்டத்தோடு சேராமல் விலகி நிற்கிற புள்ளியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

சங்க அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை கேக் சாப்பிடும் நேரத்தில் குட்ரூனிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தேன்.

"விட்டுத் தள்ளுங்க எப்பே" என்றார் அவர், எனக்குப் பெரிய துண்டாக வெட்டி வைத்தபடி. "ஊருக்கு ஒருத்தர் அப்படி இருந்துட்டுப் போறாரு."

"அந்த ஒருத்தருக்காகத்தான் மொத்தக் குழாயும் கொதிக்குது, குட்ரூன்."

"கொதிக்கட்டுமே. கடல்லேர்ந்து வெறைச்சுப் போய் வர்ற மனுஷன் காலைச் சூடு பண்ணிக்கிறாரு. அதுல உங்க பரிசு போயிடுமா?"

"போயிடும்."

அவர் முகம் மாறியது. பேக்கரியின் பின்னறையில் இருக்கும் பலகை அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "ஏதாவது பாத்துச் செய்யுங்க, ஆனா அவருக்குக் கஷ்டம் குடுக்காம" என்றார். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்று அப்போது நான் சொல்லவில்லை. கேக் சாப்பிடுகிற இடத்தில் அதெல்லாம் பேசுவது அழகல்ல.

என் நிரலில் வீடுகளுக்கு மூன்று வகை உண்டு. குடும்பம், கடை, காலி வீடு. காலி வீடு என்பது தலைநகரத்துக்காரர்கள் கோடைக்கு மட்டும் வந்து தங்கும் வீடுகள். குளிர்காலத்தில் அவற்றுக்குக் குழாய் உறைந்து வெடிக்காத அளவுக்கு மட்டும் வெதுவெதுப்பு போகும். தோர்கிலைக் குடும்பம் என்று சொல்ல முடியாது, தனி ஆள். கடையும் இல்லை. மீதி என்ன இருக்கிறது? நான் அவரைக் காலி வீடு என்று போட்டேன்.

கணக்கில்தானே போட்டேன் என்று முதலில் உங்கள் உதவியாளரிடம் சொன்னேன். அது முழு உண்மையல்ல, திருத்திக்கொள்கிறேன். காலி என்று வகை மாறினால் அந்த வீட்டு வால்வு தானே மூடிக்கொள்ளும். அந்த வரியை எழுதியவன் நான். மறந்து போகிற வரி அல்ல.

கிழவர் உடனே புகார் செய்திருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். ஆனால் நம் ஆட்களை உங்களுக்குத் தெரியாதா? சில வாரம் பொறுத்து, கம்பளித் தொப்பி மாட்டிக்கொண்டு, அதன் மேல் இன்னொரு தொப்பியும் மாட்டிக்கொண்ட பிறகுதான் குட்ரூனுக்குப் போன் செய்தார். கொதிகலன் கூடத்து ஆளிடம் குட்ரூன் கேட்க, அவர் திரையைப் பார்த்து, "எல்லாம் சரியாத்தாங்க இருக்கு, கோளாறு ஒண்ணும் காட்டலை" என்றார். காலி வீட்டிலிருந்து புகார் வந்தால் பதிவு செய்ய என் நிரலில் இடம் கிடையாது. காலி வீட்டில் யார் இருந்து புகார் செய்வது?

குட்ரூன் என்னை அனுப்பினார். நான் போனேன். தோர்கில் மேல்கோட்டோடு சமையலறையில் உட்கார்ந்து மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது.

"வெளிய போய்க் குளிர் காஞ்சுட்டு வரலாம் போல இருக்குப்பா" என்றார்.

"கடைசி வீடு பாருங்க, குழாய்ல காத்து அடைச்சிருக்கு. சரி பண்ணிட்டு இருக்கோம்."

"காத்தா? படகு இஞ்சின்ல காத்து அடைச்சா நான் ஒரு தட்டு தட்டுவேன், சரியாயிடும். இதைத் தட்டலாமா?"

"வேண்டாம், வேண்டாம். தொடாதீங்க."

"நீ படிச்சவன். நீ சொன்னாச் சரி."

"இன்னும் குளிரா இருந்தா குட்ரூன் கிட்ட மறுபடி சொல்லுங்களேன்" என்றேன். இதை நான் சொன்னேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"ஒருவாட்டி சொல்லியாச்சு. மறுபடி சொன்னா சிணுங்கிக் கிழவன்னு பேராயிடும். ஊரே ஒரே குழாய்ல குடிக்குது, எனக்கு மட்டும் என்ன தனி வாய்?"

இப்படிப் பேசுகிறவரைப் பிடிக்காமல் இருக்குமா? எனக்கு அவரைப் பிடிக்கும். அவருடைய எண்களைத்தான் பிடிக்காது.

குட்ரூன் தன் வீட்டு மின்சார ஹீட்டரைக் கொண்டுபோய் அவருக்குக் கொடுத்திருந்தார். எனக்கு அது தெரிந்தது எப்படி என்றால், மின்சாரத்தின் எண்களும் என்னிடம் வருகின்றன. பரிசுக்காரர்கள் மின்சாரத்தையும் சேர்த்தே பார்ப்பார்கள். காலி வீட்டில் மின்சாரம் ஏன் இப்படி ஓடுகிறது என்று அவர்கள் கேட்டால் நான் என்ன சொல்வேன்? மறுநாளே போய், வயர் ஆபத்தானது என்று சொல்லி ஹீட்டரை வாங்கி வந்துவிட்டேன். பொய் என்று சொல்ல முடியாது. எந்த வயரும் ஓரளவுக்கு ஆபத்தானதுதான். தோர்கில் வாசல் வரை வந்து வழியனுப்பி, "என் மேல இவ்வளவு அக்கறையாப்பா உனக்கு" என்று என் தோளைத் தட்டிக் கொடுத்தார். குட்ரூனிடம் பிறகு பேசும்போது, வெந்நீர் வர ஆரம்பித்துவிட்டது, இனி ஹீட்டர் தேவைப்படாது என்று சொன்னேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டார். இந்த ஊரில் அதுவரை யாரும் என்னைக் கட்டிக்கொண்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் நல்லதாகவே நடந்தன. சூடு வந்துவிட்டது என்று குட்ரூன் சொன்னாலும், கடல்நாய்களுக்கு அந்தச் சமையலறை ஒத்துவரவில்லை. விறைத்த உடம்போடு அங்கே ஒருமுறை உட்கார்ந்து பார்த்தவர்கள் மறுமுறை வரவில்லை. "கிழவன் கஞ்சனாயிட்டான், ரேடியேட்டரைத் திருகவே மாட்டேங்கறான்" என்று பேசிக்கொண்டார்களாம். அவர்கள் ஊர் விளையாட்டுக் கூடத்துக்கு மாறினார்கள். அங்கே வெந்நீர்க் குளியல் இருக்கிறது, நேரம் குறித்திருக்கிறது, சனிக்கிழமை காலை பத்து மணி. தோர்கிலின் விசிலுக்கு ஆளில்லாமல் போயிற்று. அவர் தனியாகக் குதித்து, தனியாக வீடு திரும்பினார். என் திரையில் துள்ளல் நின்றது. அந்த வாரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை.

பிப்ரவரியில் நடுவர்கள் வந்தார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே கடுமையான குளிர் அன்றுதான். துறையில் பனிக்கட்டியை உடைத்துத்தான் கடலில் இறங்க வேண்டியிருந்தது. ஊர்மன்றத்தில் திரை மாட்டி, பூச்செண்டு வைத்து, காப்பி ஊற்ற ஆரம்பித்திருந்தார்கள். கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று நான் துறைப் பக்கம் நடந்தேன். தோர்கில் குளியல் அங்கியோடு, காலில் மரச்செருப்போடு வந்துகொண்டிருந்தார். மிகவும் இளைத்திருந்தார். அங்கி இரண்டு சுற்று சுற்றியது.

"யாரு, டாக்டரா? கோட்டைக் கழட்டு, வா. மூளைச் சூடு கொஞ்சம் எறங்கும்."

"இன்னைக்கு வேண்டாம் தோர்கில். நடுவருங்க வந்திருக்காங்க."

"பெரிய மனுஷன் ஆயிட்ட. சரி, போ." இரண்டடி போனவர் திரும்பி நின்றார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. இன்னைக்காவது குழாய்ல சூடு வருமா? எறங்கிட்டு வந்து கால் ரெண்டையும் அதுமேல வெச்சாத்தான் எனக்கு உசுரே திரும்பும். வராதுன்னா வெக்கப்படாம சொல்லிடு. விளையாட்டுக் கூடத்துல போய் வெந்நீர்ல நின்னுக்கறேன், சாவி எங்கிட்ட இருக்கு."

நீங்கள் இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். நான் யோசிக்காமல் சொன்னேன் என்று நினைக்காதீர்கள், நன்றாக யோசித்தேன். அன்று சனிக்கிழமை இல்லை. விளையாட்டுக் கூடத்தில் அந்த நேரத்தில் யாரும் குளிப்பதில்லை. பெரிய குழாய், பெரிய தொட்டி. ஒரு ஆள் திறந்தாலும் கோடு துள்ளும். நடுவர்கள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்கப் பாடுபட்டது ஒரு கிழவரின் இரண்டு காலுக்காகப் போக வேண்டுமா?

"வரும்" என்றேன். "வீட்டுக்கே போங்க."

"நல்லா இருப்படா" என்றார் தோர்கில்.

நான் மன்றத்துக்குத் திரும்பிவிட்டேன். திரையில் இரண்டு கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று மாடல் சொன்னது, இன்னொன்று ஊர் செய்தது. ஒன்றின் மேல் ஒன்று அப்படியே படிந்து, ஒரே கோடாக. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் கல்யாணத்தில்கூட நான் அழவில்லை. தலைமை நடுவர் எழுந்து என் கையைக் குலுக்கினார். மேசையில் இருந்த கொடியை யாரோ ஆட்டினார்கள். பேக்கரிக்காரர் சாக்கை உருவியபடி பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நம்ம கடைசி வீட்டுக்காரரும் வரட்டும், அவருக்கும் ஒரு துண்டு கேக் குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டு குட்ரூன் வெளியே போனார். அது குட்ரூனுக்குத்தான் தோன்றும். நான் தடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது அவர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றோ, பக்கத்தில் போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது.

"ரேடியேட்டரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, எப்பே. தலைமுடி ஐஸாப் போயிருக்கு. தொட்டுப் பாத்தேன். அவரும் சில்லுன்னு இருக்காரு, அதுவும் சில்லுன்னு இருக்கு."

நான் திரும்பித் திரையைப் பார்த்தேன்.

"சூடு வந்துடுச்சுன்னு சொன்னீங்களே. எங்கிட்ட நீங்கதானே சொன்னீங்க. நான் உங்களைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேனே." அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். "அந்த மனுஷன் உங்களை என்னய்யா செஞ்சாரு?"

பதில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நடுவர் ஒருவர் கோடை மாதங்களின் எண்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டார், நல்ல கேள்வி. முடித்துவிட்டுத் திரும்பியபோது குட்ரூன் உங்களுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். அன்று பிற்பகல் கடலோரத் தெரு முழுக்க வீட்டு வாசல் கொடிகளை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்கள். எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒருவர்கூடப் பிந்தவில்லை. துக்கத்திலும் என்ன ஒழுங்கான ஊர் பாருங்கள்.

வருத்தமில்லையா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. ராத்திரியில் அந்த "நல்லா இருப்படா" காதில் விழுகிறது. இருந்தாலும் வருத்தத்தையும் முடிவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தக் குளிர்காலத்தில் வெல்னேஸ் மிச்சப்படுத்திய வைக்கோலைக் குவித்தால் இந்தக் காவல் நிலையம் மூடிப்போகும். அந்தப் புகை இல்லாததால் எத்தனை குழந்தைகள் இருமாமல் தூங்கின என்பதையும் நான் கணக்கிட்டுச் சொல்ல முடியும். தோர்கிலே முன்னொரு நாள் குழந்தைகளுக்காகத் தன் அடுப்பைக் கொடுத்தவர்தானே. விஷயத்தைச் சரியாக எடுத்துச் சொல்லியிருந்தால் இதற்கும் அவர் கை தூக்கியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

சரி, நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள், நியாயமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். வால்வை மூடியது மாடல் அல்ல, நான். மாடலுக்குக் கை கிடையாது. உள்ளே ஆள் இருப்பது எனக்குத் தெரியும். ஹீட்டரைப் பொய் சொல்லி வாங்கி வந்தேன். சூடு வராது என்று தெரிந்தே வரும் என்று சொன்னேன், அவர் நம்பினார், செத்துப்போனார். கொலை என்று போட்டிருக்கிறீர்கள். போட்டுக்கொள்ளுங்கள், நான் கையெழுத்து வைக்கிறேன்.

நடுவில் ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். "வீட்டைக் காலி என்று தவறாக வகைப்படுத்தினார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் கீழே என்னால் கையெழுத்து வைக்க முடியாது. அதில் தவறு ஒன்றுமில்லை. துறைக்குப் போகிற வழியில் நீங்களே ஒரு நடை எட்டிப் பாருங்கள், அந்த வீடு காலியாகத்தான் இருக்கிறது.